சேர்வராயன் மலையடியில் தோட்டக்கால் வேளாண்மையும் அதன் ஊதியமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்வோர் 'தோட்டம்' என்னும் ஒரே சொல்லை வழியிடையே மூன்று பொருளில் கேட்கலாம். அடிவாரத்துச் சிற்றூர்களில் தோட்டம் என்பது கிணற்று நீர் இறைத்துப் பயிரிடும் நிலத்தைக் குறிக்கும். நன்செய்யினும் புன்செய்யினும் வேறாய மூன்றாம் நிலவகை அது. வருவாய்த்துறை வழக்கில் தோட்டக்கால் எனப்பட்டதும் அதுவே. 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மலைமேல் ஏறியபின் அதே சொல் காப்பித் தோட்டத்தைச் சுட்டும். அங்குத் தோட்டம் என்ற அளவிலேயே பரந்த நிலமும் மேலாளரும் கூலியாட்களும் கடல்கடந்த சந்தையின் விலையும் நினைவுக்கு வரும். இவ்விரண்டிற்கும் இடையே, வீட்டின் புறத்தே ஓடைநீரைத் திருப்பி அவரைக்கொடி ஏற்றிய நாலைந்து பாத்திகளும் தோட்டமே.

இம்மூன்றும் பெயரால் ஒன்று, கணக்கால் வேறு. இவற்றுள் எழுத்தில் இடம்பெற்றது காப்பித் தோட்டமே. 1883இல் லெஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடும், 1918இல் ரிச்சர்ட்சு வெளியிட்ட மாவட்ட விவரச்சுவடியும் காப்பியின் வரலாற்றை விரித்துரைப்பன. கத்தரிக்கும் வெண்டைக்கும் அத்தகைய இடம் வாய்க்கவில்லை. நம் இலக்கியமும் இதில் குறையுடையதே. பள்ளு நூல்கள் நெல்வகைகளை வரிசையாக அடுக்கிச் சொல்லும். காய்கறிப் பாத்தியின் வரவு செலவை எண்ணிப் பார்த்த புலவர் அரியர். எனவே நீர் இறைத்துக் காய்கறி பயிரிட்ட சிறு உழவனுக்கு அத்தொழில் ஊதியம் தந்ததா, தந்ததெனின் அது யார் கையில் தங்கியது என்பதை வெவ்வேறு துறைச் சான்றுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தே காணவேண்டியுள்ளது.

நீர் இறைத்தல் தமிழர்க்குப் புதியதன்று. மதுரைக்காஞ்சி ஏற்றத்தையும், ஆம்பி, கிழார் என்னும் பிற இறைகருவிகளையும் ஒருங்கே குறிக்கிறது. ஆயின் அவை வயலுக்கு நீர் நிறைப்பனவாகவே அந்நூலில் வருகின்றன. சிறு பாசனத்தின் நிலையை அறியப் பாட்டினும் சாசனமே மிகுதியாக உதவும். பல்லவர், சோழர் காலத்துக் கொடைச் செப்பேடுகள் சிலவற்றில் 'குற்றேத்தம்' என்றொரு சொல் பயின்று வருகிறது. குறுமை + ஏற்றம் என்பதே அதன் பிரிப்பு. கொடையாக விடப்பட்ட ஊரின் கால்வாயிலிருந்து பிறர் குற்றேத்தம் இட்டும், கூடையால் இறைத்தும் நீர் கொள்ளலாகாது என்று அவ்வேடுகள் விலக்குகின்றன. விலக்கு எழுந்ததெனின் வழக்கம் இருந்தது என்பது வெளிப்படை. பெருங்கால்வாயின் ஓரத்தே ஏற்றம் நாட்டியும் கூடையால் இறைத்தும் தம் துண்டு நிலத்தை நனைத்துக்கொண்டோர் அன்றே இருந்தனர். அவர்களுடைய பயிரின் ஆக்கத்தை உறுதிசெய்தது மண்வளம் மட்டுமன்று. நீர்மேல் உரிமையும் ஆகும். கிணறு இவ்வுரிமைச் சிக்கலிலிருந்து உழவனை ஓரளவு விடுவித்தது. தன் நிலத்தில் தான் வெட்டிய கிணற்றுக்கு ஊர்ச் சபையின் இசைவு வேண்டுவதில்லை. அதற்கு ஈடாக அவன் கொடுத்தது தன் உழைப்பை.

அவ்வுழைப்பு எவ்வளவு என்பதைச் சிறிது கணக்கிட்டுக் காண்பாம். ஓர் ஏக்கர் நிலத்தில் 1 அங்குல உயரம் நீர் பரவவேண்டின் ஏறத்தாழ 1,02,800 லிட்டர் நீர் தேவை. கவலையின் தோற்சால் ஒன்று 150 லிட்டர் கொள்ளும் எனக் கொண்டால், எருதுகள் 685 முறை சரிவில் இறங்கிப் பின்னேறவேண்டும். சால் சிறிதாயின் எண்ணிக்கை பெருகும். ஏற்றத்தின் சால் 30 லிட்டர் கொள்ளும் எனக் கொண்டால், துலாவின்மேல் ஏறி மிதிப்போர் 3,400 முறைக்கு மேல் நடக்கவேண்டும். இஃது ஒரு பாய்ச்சலுக்கு மட்டுமே. காய்கறிப் பயிரோ கோடையில் சில நாட்களுக்கு ஒருமுறை நீர் கேட்கும். ஏற்றப்பாட்டுகளில் எண்ணுப் பெயர்கள் இடையறாது வருவதன் காரணம் இதனால் விளங்கும். அப்பாட்டு களைப்பாற்றும் இசையாக மட்டும் அமைந்ததன்று. இறைத்த சாலின் கணக்கையும் அதுவே காத்தது. ஏற்றக்காரனின் பாட்டில் அடுத்த அடியைக் கேட்கக் கம்பர் காத்திருந்தார் என்றொரு கதை வழங்குகிறது. புலவர் அதிற் கவிநயத்தைக் கேட்டார். பாடியவன் எண்ணிக்கை தவறாமல் நின்றான்.

இவ்வாறு உழைத்து வளர்த்த பயிரின்மேல் அரசிறை எவ்வாறு விழுந்தது என்பது அடுத்து நோக்கற்பாலது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகாலும் சேலமும் திப்புவின் ஆட்சியிலிருந்து கம்பெனியார் கைக்கு மாறின. அலெக்சாண்டர் ரீடு அப்பகுதிக்குப் பொறுப்பேற்றார். அவருக்குத் துணையாக வந்தவருள் ஒருவர் தாமசு மன்றோ. இரயத்துவாரி முறை உருப்பெற்ற களம் இதுவே. நன்செய், புன்செய், தோட்டம் என நிலத்தைப் பகுத்துத் தனித்தனித் தீர்வை விதித்தனர். தோட்டத்தின் தீர்வை புன்செய்யினும் மிகுதி. கிணற்றை வெட்டியவன் உழவன். எருது பூட்டியவனும் அவனே. ஆயினும் நீர் கண்ட நிலம் என்பதனால் தீர்வை உயர்ந்தது. முதல் போட்டவனை அம்முதலுக்காகவே வருத்தும் முறை இது.

மன்றோ பின்னர் இதனை உணர்ந்தார் எனலாம். கடப்பை, பெல்லாரிப் பகுதிகளை ஆண்டபின் 1807இல் அவர் விடுத்த அறிக்கையில், அளவைத் தீர்வையில் நூற்றுக்கு 25 விழுக்காடு குறைக்கவேண்டும் என்றார். கிணற்றாலும், ஆற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் கருவியால் ஏற்றிய நீராலும் விளையும் நிலங்களுக்கு மேலும் 8 சேர்த்து 33 விழுக்காடு குறைக்கலாம் என்றும், கிணற்றையும் கரையையும் உழவர் தம் செலவிலேயே செப்பனிட்டு வருதல் வேண்டும் என்றும் கூறினார். அந்த 8 விழுக்காட்டை ஏறத்தாழ நீர் இறைப்போனின் தனி முயற்சிக்கு அரசு ஒப்புக்கொள்ள முன்வந்த விலை எனக் கருதலாம். பரிந்துரை அன்று ஏற்கப்படவில்லை. 1800, 1801ஆம் ஆண்டுகளில் இந்நாட்டைச் சுற்றிப் பார்த்துக் கொங்குநாட்டுக் கிணற்றிறைவையை நுணுக்கமாக விவரித்த பிரான்சிசு புக்கானனின் பயணநூலும் அதே 1807இல்தான் அச்சேறியது. சொந்தச் செலவில் வெட்டிய கிணற்றுக்காகத் தீர்வை உயர்த்துவதில்லை என்னும் கொள்கை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே சென்னை மாகாணத்தில் நிலைபெற்றது.

ஈண்டு ஒரு பிழையைச் சுட்டிச் செல்லுதல் தகும். ஏற்காட்டைப் பற்றிய சுற்றுலாக் குறிப்புகள் பலவற்றில், மன்றோ 1842இல் இம்மலையை அளந்தார் என்னும் செய்தி திரும்பத் திரும்ப அச்சாகி வருகிறது. மன்றோ 1827இலேயே வாந்திபேதி கண்டு இறந்தவர். ஒருவர் எழுதியதைப் பிறர் ஆண்டு பாராமல் எடுத்தெழுதியதன் விளைவு இது.

மலையின் நிலையை இனிக் காண்போம். ஏற்காடு கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தது. சேலம் நகரோ 300 மீட்டருக்கும் தாழ்ந்தது. மலைமேல் மழையும் மிகுதி. இங்கு வாழும் பழங்குடியினரான மலையாளிகள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் எனவும், உடன்பிறந்தார் மூவருள் மூத்தவராகிய பெரியண்ணன் இம்மலையிலும் ஏனை இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கினர் எனவும் கூறுவர். பெயர் ஒப்புமை கொண்டு இவர்களைச் சேரநாட்டு மலையாளிகளோடு மயங்குதல் கூடாது. மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வந்த தமிழ்ப் பெயர் இது. சாமை, தினை, கேழ்வரகு ஆகியனவே இவர்களுடைய பழைய பயிர்கள். இவை வானம் பார்த்தவை, இறைவை வேண்டாதவை. மலையுச்சிக் குகைக்கோயிலில் சேர்வராயனோடு காவேரியம்மனும் வைத்து வழிபடப்படுவது நீரின் அருமையை நன்கு காட்டும். மழை மிகுந்த மலையாயினும் கோடையில் ஓடைகள் மெலியும். கிளியூர் அருவியே அக்காலத்தில் வற்றுதலைக் காண்கிறோம்.

1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பியையும் பேரி முதலிய பழமரங்களையும் கொணர்ந்து நட்டார். அதே காலத்தில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் உருளைக்கிழங்கு முதலிய ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடுவித்தார். அண்டை மாவட்டத்து அதிகாரிகள் இருவர், ஏறத்தாழ ஒரே பத்தாண்டு, ஒத்த ஆர்வம். எனினும் நீலகிரி காய்கறிக்குப் பேர்பெற்றது, சேர்வராயன் மலை காப்பிக்குப் பேர்பெற்றது. இவ்வேறுபாட்டை அதிகாரிகளின் விருப்பத்தால் மட்டும் விளக்குதல் பொருந்தாது. உதகை இம்மலையினும் 700 மீட்டர் அளவு உயர்ந்தது. கோசும் கிழங்கும் அக்குளிரை விரும்புவன. படகர் என்னும் உழவர்குடி அங்கே புதுப்பயிரை விரைந்து கைக்கொண்டது. மலையடியில் மேட்டுப்பாளையத்துக்கு 1873இல் இருப்புப்பாதை வந்தது. 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் அது மலையேறியது. சேர்வராயன் மலைக்கு இருப்புப்பாதை இன்றளவும் இல்லை. காக்பர்ன் தாமே முதுமையில் கோத்தகிரிக்குக் குடிபெயர்ந்தார் என்பதையும் இங்கு நினைக்கலாம்.

சுமைக்கூலியே இங்கு உயிர்நிலை. செர்மானிய நிலக்கிழாராகிய தியூனன் என்பவர் 1826இல் வெளியிட்ட தனித்த நாடு பற்றிய நூலில், நகரைச் சூழ்ந்த முதல் வட்டத்தில் காய்கறியும் பாலும், அதற்கு அப்பால் விறகும் தவசமும் விளையும் எனக் காட்டினார். விரைவில் அழுகுவதும் சுமை மிகுந்ததும் சந்தைக்கு அருகிலேயே விளைதல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஏற்காடு சேலத்திலிருந்து சாலைவழியே சற்றேறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆயினும் கழுதையும் தலைச்சுமையுமே ஊர்தியாக இருந்த காலத்தில் அம்மலை தியூனனின் முதல் வட்டத்தில் இல்லை. பல வட்டங்களுக்கு அப்பால் இருந்தது. காப்பிக்கொட்டை உலர்ந்தபின் மாதக்கணக்கில் காத்திருக்கும். விலை விழுந்தால் கிடங்கில் கிடக்கும். அவரைக்காய் மறுநாள் மாலைக்குக் காத்திராது. எனவே மலைத்தோட்டக்காரன் சந்தையில் பேரம் பேசும் ஆற்றலை மலையிறங்கும் முன்னரே இழந்துவிடுகிறான்.

மலைமேலும் மலையடியிலும் உள்ள இவ்விரு சிறுதோட்டங்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். மேலே நீர் தானாகவே சரிவில் இறங்கிப் பாத்திக்கு வரும். இறைப்புச் செலவு இல்லை. விளைந்த சரக்கை இறக்குவதே செலவு. கீழே சரக்கு வண்டியேறி விரைவில் சேலத்துச் சந்தையை அடையும். நீரை ஏற்றுவதே செலவு. ஒன்றில் நீர் மலிவும் வழி அருமையும், மற்றொன்றில் வழி மலிவும் நீர் அருமையும் அமைந்தன. இவ்விரண்டில் எது ஊதியம் தந்தது என்பது மண்ணையும் விதையையும் காட்டிலும், எந்தக் காலத்தில் எந்தச் செலவு வீழ்ந்தது என்பதையே பொறுத்தது.

கீழே நீரேற்றும் செலவு 20ஆம் நூற்றாண்டில் வீழ்ந்தது. அரசினர் சார்பில் எண்ணெய் எந்திரத்தைக் கிணற்றடியில் பொருத்தி ஆய்ந்து பரப்பியவர் ஆல்பிரட் சேட்டர்டன்; சேலத்தில் நெசவாலை நிறுவ முனைந்தவரும் இவரே. அடுத்து மின்னாற்றல் வந்தது. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அதன் நீர்மின் நிலையம் 1937இல் இயங்கியது. அணையின் நீரில் பெரும்பகுதி தஞ்சைக் கழனிகளுக்குச் சென்றது. சேலத்துத் தோட்டக்காரனுக்கு வந்து பயன்பட்டது அந்நீர் விழுந்து எழுப்பிய மின்சாரம். முன்னர்க் கண்ட கணக்கை இங்கு மீண்டும் எடுத்துக்கொள்வோம். அதே 1,02,800 லிட்டர் நீரை 10 மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றத் தூய கணக்கில் 2.8 யூனிட் மின்சாரமே போதும். ஆற்றலில் பத்தில் நான்கு பங்கே பயன்படும் எனக் கொண்டாலும் 7 யூனிட். எருதுகளின் 685 நடை 7 யூனிட்டாகச் சுருங்கிற்று. அந்த யூனிட்டின் விலை காசுக் கணக்கில் ஏறியபோது, 1970இல் கொங்குநாட்டு உழவர் கிளர்ந்தெழுந்தனர். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர். சில காசுகளுக்காகவா என்று நகரத்தார் வியந்தனர். தோட்டக்காரனின் ஊதியம் முழுவதும் அச்சில காசுகளின் இடைவெளியில்தான் நின்றது என்பதை அறிந்தோர் வியவார். 1984இல் சிறு உழவர்க்கும், 1990இல் உழவர் அனைவர்க்கும் பாசன மின்சாரம் கட்டணமின்றி வழங்க ஆணை பிறந்தது. இறைப்புச் செலவு சுழியாயிற்று. கிணற்றின் ஆழம் பெருகிற்று. இம்மாவட்டம் பெரும்பாலும் கடும்பாறை நிலம். பாறைவெடிப்புகளில் தங்கும் நீரே கிணற்று நீர். இறைப்பது மலிந்தபின் நீர் கீழிறங்கியது. செலவு மின்கட்டணத்தை விட்டு ஆழ்துளைக் கடனுக்கு இடம்பெயர்ந்தது.

இவ்விடப்பெயர்ச்சி சேலத்திற்கே உரியதன்று. யாழ்ப்பாணத்திலும் தோட்டம் என்பது கிணற்றுநீரால் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைக்கும் சிறு துண்டே. அங்கும் துலா இருந்தது, பின்னர் எந்திரம் வந்தது. 1970 முதல் 1977 வரை இலங்கை அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரர் செழித்தனர். 1977இல் திறந்த பொருளாதாரம் புகுந்ததும் அச்செழிப்பு சரிந்தது. கிணறும் மண்ணும் கையும் மாறவில்லை. துறைமுகத்தின் கதவு மட்டும் திறந்தது.

இனி ஊதியம் என்னும் சொல்லுக்கு வருவோம். வள்ளுவர் தெரிந்துசெயல்வகையில், வினையிற் கழிவதும் வருவதும் பின் தொடர்ந்து நிற்பதும் ஆகிய மூன்றையும் எண்ணித் துணிதல் வேண்டும் என்கிறார். இறுதியில் நிற்பதற்கு அவர் இட்ட பெயர் ஊதியம். இக்கால வழக்கில் அச்சொல் கூலியையும் சம்பளத்தையும் குறிக்கிறது. முதல் போட்டவன் பெறும் ஆக்கமும், உழைத்தவன் பெறும் கூலியும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. சொல்லாராய்ச்சியாளர் இதனைப் பொருட்பிறழ்ச்சி என்பர். சிறுதோட்டக்காரனைப் பொறுத்தவரையில் இதிற் பிறழ்ச்சி ஒன்றும் இல்லை. அவனுடைய ஊதியம் இரண்டும் கலந்ததே.

இக்கலப்பை முதன்முதலாக நம் நாட்டில் பிரித்துப் பார்த்த ஆய்வுகளுள் ஒன்று இப்பகுதியிலேயே நிகழ்ந்தது. 1954 முதல் 1957 வரை நடுவண் அரசு பல மாநிலங்களில் பண்ணை மேலாண்மை ஆய்வுகளை நடத்தியபோது, சென்னை மாநிலத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றவை சேலம், கோயமுத்தூர் ஆகிய இரு மாவட்டங்கள். கைவிட்டுச் சென்ற செலவு ஒரு படி. சொந்த நிலத்தின் குத்தகையும் முதலின் வட்டியும் சேர்த்தது இரண்டாம் படி. குடும்பத்தார் உழைப்புக்குக் கூலி மதித்துச் சேர்த்தது மூன்றாம் படி எனச் செலவு வகுக்கப்பட்டது. இந்தியா முழுவதிலும் கிடைத்த முடிவுகளை வைத்து அமர்த்தியா சென் 1962இல் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது. குடும்ப உழைப்புக்குச் சந்தைக் கூலியை மதித்துச் சேர்த்தால் இந்திய வேளாண்மையின் பெரும்பகுதி நட்டத்தில் நடப்பதாகத் தோன்றும். ஆயினும் ஏக்கருக்கு விளைவு சிறு நிலங்களிலேயே மிகுந்து காணப்படும் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். கூலிக்கு ஆள் வைப்பவன் கூலிக்கு ஈடாகாத வேலையை நிறுத்திக்கொள்வான். தன் குடும்பத்தாரோடு உழைப்பவன் நிறுத்தமாட்டான். களை பறித்தலும் நீர் திருப்புதலும் காய் பறித்தலும் மிகுந்த காய்கறித் தோட்டத்தில் இவ்வுண்மை நெல்வயலினும் அழுத்தமாகத் தெரியும். அவ்வேலைகளிற் பெரும்பங்கு பெண்டிருடையது. எந்த ஏட்டிலும் அது கூலியாக எழுதப்படுவதில்லை.

ஆதலின் சிறுதோட்டம் ஊதியம் தருவதா என்று வினவுவார்க்கு, முதற்படியிற் பார்த்தால் தரும், மூன்றாம் படியிற் பார்த்தால் பெரும்பாலும் தராது என்றே விடையிறுக்க வேண்டும். இரண்டு விடையும் மெய்யே. முதற்படியை மட்டும் காட்டித் தோட்டத் தொழிலைப் புகழ்வோர் அக்குடும்பத்தின் உழைப்பை விலையின்றிக் கொள்கின்றனர். மூன்றாம் படியை மட்டும் காட்டி அதனைக் கைவிடச் சொல்வோர், கைவிட்டபின் அவ்வுழைப்பை அதே கூலிக்கு வாங்குவார் யார் என்பதைச் சொல்வதில்லை. இவ்விரு சாராருள் பின்னவரின் பிழையே பெரிதென எமக்குத் தோன்றுகிறது. கூலிவேலை ஆண்டு முழுதும் கிடைக்கும் என்னும் கற்பனையின்மேல் அவர் கணக்கு நிற்கிறது.

வழியின் செலவைக் குறைக்க எடுத்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது உழவர் சந்தை. 1999 நவம்பர் 14இல் மதுரையில் முதற்சந்தை திறக்கப்பட்டது. பின்னர்ப் பிற நகரங்களிலும் பரவியது. 2001க்குப் பின் சில ஆண்டுகள் தளர்ந்து, 2006 முதல் மீண்டும் உயிர்பெற்றது. மண்டியின் தரகு இல்லாமல் விளைத்தவனே விற்பது அதன் நோக்கம். மலையடித் தோட்டக்காரனுக்கு இது கைகொடுத்தது. மலைமேல் உள்ளவனுக்கோ, நாலைந்து கூடை அவரையை விற்க ஒரு பகல் முழுவதும் சேலத்தில் இருந்தாக வேண்டும். தரகு மிஞ்சியது, ஒரு நாள் உழைப்பு போயிற்று. மூன்றாம் படிக் கணக்கு இங்கும் தொடர்கிறது.

இவ்வாய்வில் தமிழ்த்துறையார் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. நாட்டுப்பாடல் திரட்டுவோர் ஏற்றப்பாட்டின் சொற்களைப் பதிவு செய்வதில் காட்டும் கருத்தை, அதன் எண்ணிக்கையில் காட்டுவது குறைவு. எத்தனை சாலுக்கு ஒருமுறை ஆள் மாறினர், எத்தனை எண்ணினால் எத்தனை பாத்தி நனைந்தது, எருது அவிழ்க்கும் எண் எது என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டால், வருவாய்த்துறை ஏடுகள் எழுதாமல் விட்ட செலவுக் கணக்கு அப்பாடல்களிலிருந்தே கிடைக்கும். சேலம், ஓமலூர் வட்டத்துச் சிற்றூர்களில் கவலை ஓட்டிய முதியோர் நினைவிலிருந்து இதனைத் திரட்டுதல் காலம் தாழ்க்கலாகாத வேலை.